பனியும் மணலும்

ஐரோப்பிய சினிமாவின் கதை – 12

சென்ற இதழில் டென்மார்க்கில் இருந்தோம். முதல் உலகப்போருக்கு முன்பு கோபன்ஹேகனின் நார்டிஸ்க் கம்பெனி ஐரோப்பா முழுக்கப் படம் விற்றதையும், ஆஸ்டா நீல்சன் அங்கிருந்து பெர்லினுக்குப் போய்ப் பெரிய நட்சத்திரம் ஆனதையும் பார்த்தோம். இந்த முறை குறுகலான கடலைத் தாண்டி பக்கத்து நாட்டுக்குப் போகிறோம். 1911 வரை சினிமாவில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் செய்யாத சுவீடன், அடுத்த பத்து வருடங்களில் பாரிஸும் ஹாலிவுட்டும் திரும்பிப் பார்க்கும் இடத்துக்கு வந்தது. அதற்குக் காரணமானவர்களில் இரண்டு பேர் முக்கியம். ஒருவர் மோரிட்ஸ் ஸ்டில்லர். அவருக்குத் தனி அத்தியாயம் உண்டு. இன்னொருவர் விக்டர் ஷோஸ்ட்ரோம்.

பெர்க்மன் ரசிகர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால், “வைல்ட் ஸ்ட்ராபெர்ரீஸ் தாத்தாதானே?” என்பார்கள். அவரேதான். ஆனால் அந்தப் படத்தில் நடித்தபோது அவர் சினிமாவுக்கு வந்து 45 வருடம் ஆகியிருந்தது. பெர்க்மனின் முன்னோடி என்று ஒரே வரியில் அவரை முடித்துவிடுவது பல நூல்களின் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெர்க்மன் பிறந்த வருடம் 1918. அதற்குள் ஷோஸ்ட்ரோம் மூன்று மகத்தான படங்களை எடுத்து முடித்துவிட்டார். பெர்க்மன் என்றொருவர் வராமலே போயிருந்தாலும் இந்தத் தொடரில் அவருக்கு ஓர் அத்தியாயம் இருந்திருக்கும்.

மேற்கு சுவீடனில், நார்வே எல்லையை ஒட்டிய வேர்ம்லாண்ட் மாகாணத்தில் சில்போடால் என்ற ஊரில் 1879 செப்டம்பர் 20 அன்று பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் அமெரிக்காவுக்குப் போய் நியூயார்க்கின் புரூக்ளினில் குடியேறியது. ஏழு வயதில் தாய் இறந்தார். தந்தை மறுமணம் செய்துகொண்டார். மதப்பற்றும் கண்டிப்பும் மிக்கவர். பதின்வயதின் தொடக்கத்தில் பையன் சுவீடனுக்குத் திரும்பி உறவினர்களிடம் வளர்ந்தான். அமெரிக்கா அவனுக்கு விட்டுவைத்தது ஆங்கிலம் ஒன்றைத்தான். அதற்கு வேலை வர முப்பது வருடம் ஆகும்.

பதினேழு வயதுக்குள் நாடகக்குழு ஒன்றில் சேர்ந்தாயிற்று. ஊர் ஊராகப் போய் நடித்து, பிறகு நாடகம் இயக்கி, முப்பது வயதைத் தாண்டியபோது பெயர் சொன்னால் தெரியக்கூடிய நாடகக்காரராக இருந்தார். 1912-இல் சார்லஸ் மாக்னுசன் கூப்பிட்டார். மாக்னுசன், ஸ்வென்ஸ்கா பயோகிராஃப்தியேட்டர்ன் என்ற கம்பெனியின் தலைவர். அவரே முன்பு செய்திப்படக் கேமராக்காரர். தெற்கே கிறிஸ்டியன்ஸ்டாடில் இருந்த கம்பெனியை ஸ்டாக்ஹோம் அருகே லிடிங்கோவுக்கு மாற்றி, புது ஸ்டூடியோ கட்டி, ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். அவர் ஸ்டில்லரையும் ஷோஸ்ட்ரோமையும் ஒரே வருடத்தில் பிடித்தார். யூலியஸ் யான்சோன் என்ற ஒளிப்பதிவாளர் ஏற்கெனவே கம்பெனியில் இருந்தார். ஒரு தயாரிப்பாளருக்கு இப்படி ஒரு வருடம் வாய்ப்பது அபூர்வம்.

தொடக்கம் சரியாக அமையவில்லை. ஷோஸ்ட்ரோமின் முதல் படம் ‘தோட்டக்காரன்’. கதை ஸ்டில்லருடையது. ஆண்களின் கொடுமைக்கு ஆளாகும் ஓர் இளம்பெண்ணைப் பற்றியது. சுவீடன் 1911-லேயே அரசு தணிக்கை அலுவலகம் அமைத்த நாடு. இந்த விஷயத்தில் உலகுக்கே முன்னோடி. தணிக்கைக்காரர்கள் படத்தைத் தடை செய்தார்கள். தொலைந்துவிட்டதாக நினைத்த பிரதி பல பத்தாண்டுகள் கழித்து அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் கிடைத்தது. 1980-இல்தான் சுவீடன் மக்கள் அதைப் பார்த்தார்கள்.

அடுத்த வருடம் ‘இங்கெபோர்க் ஹோல்ம்’ வந்தது. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். மளிகைக்கடைக்காரர் ஒருவர் காசநோயில் இறக்கிறார். மனைவி இங்கெபோர்க் கடையை நடத்திப் பார்க்கிறாள், முடியவில்லை. கடன், நோய். மூன்று குழந்தைகளோடு ஏழைகள் விடுதியின் வாசலில் வந்து நிற்கிறாள். விடுதி அவளை எடுத்துக்கொள்கிறது. குழந்தைகளை, காசு வாங்கிக்கொண்டு பிள்ளை வளர்க்கும் வீடுகளுக்குப் பிரித்து அனுப்புகிறது. இதில் மிகை எதுவுமில்லை. குறைந்த தொகை கேட்பவரிடம் அனாதைக் குழந்தைகளை ஒப்படைக்கும் வழக்கம் அன்றைய சுவீடனில் இருந்தது. மகளுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு ஒரு ராத்திரி அவள் தப்பி ஓடுகிறாள். போலீஸ் பிடித்து வருகிறது. தேடிப் பிடித்த செலவு ஏழைகள் நிதியின் கணக்கில் ஏறுகிறது. கடைசிக் குழந்தையை ஒருநாள் பார்க்கக் கொண்டுவருகிறார்கள். அதற்குத் தாயை அடையாளம் தெரியவில்லை. கழுத்துத் துணியைச் சுருட்டி பொம்மை செய்து காட்டுகிறாள். குழந்தை வீறிட்டு அழுகிறது. அந்த இடத்தில் அவளுக்குச் சித்தம் கலங்குகிறது.

1913-இல் இந்தக் கதையை வேறு யார் எடுத்திருந்தாலும் நடிகை மார்பில் அடித்துக்கொண்டிருப்பார். ஷோஸ்ட்ரோம் கேமராவை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு நகராமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். விடுதி அலுவலகத்தில் பிள்ளைகளைப் பிரிக்கும் காட்சி நீளமான ஒரே ஷாட். அதிகாரி மேசையில் இருக்கிறார், பின்னால் கதவு, வருவோரும் போவோரும். அழுகிற தாயின் முகத்தை நெருங்கிக் காட்டவே இல்லை. சில கணங்களில் அவள் நமக்கு முதுகு காட்டித்தான் நிற்கிறாள். இங்கெபோர்க்காக நடித்த ஹில்டா போர்க்ஸ்ட்ரோமின் தோள்கள் மட்டும் போதும் என்று முடிவு செய்யும் துணிவு, நடிகராக மேடையில் பல வருடம் நின்ற ஓர் இயக்குநருக்குத்தான் வரும்.

படம் நாட்டில் பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. ஏழைகள் விடுதி நிர்வாகிகள் கொதித்தார்கள். பத்திரிகைகள் பக்கம் பிரிந்து எழுதின. 1918-இல் புதிய ஏழைகள் நிவாரணச் சட்டம் வந்தபோது குழந்தைகளை ஏலம் விடும் வழக்கம் ஒழிந்தது. சட்டத்தையே மாற்றிய படம் என்று இதைப் புகழ்பவர்கள் உண்டு. அது மிகை. சீர்திருத்தம் கேட்டவர்கள் முன்பே இருந்தார்கள். அவர்கள் பேசியதை ஊர்ப்பட்ட ஜனங்கள் கண்ணால் பார்க்கும்படி செய்தது படம்; அந்தப் பெருமை போதும்.

அடுத்த மூன்று வருடங்களில் கம்பெனிக்காக வரிசையாகப் படங்கள். எண்ணிக்கை நிறைய, தரம் ஏற்ற இறக்கம், பெரும்பாலானவை இன்று இல்லை. விட்டுவிடலாம்.

1916 கோடையில் திருப்பம் வந்தது. நடிகை லிலி பெக்குடனான மணவாழ்க்கை முறிந்திருந்த நேரம். இப்சனின் ‘டெர்யே வீகன்’ என்ற நெடுங்கவிதையைப் படமாக்கும் யோசனை கம்பெனியில் இருந்தது, ஷோஸ்ட்ரோம் தயங்கிக்கொண்டிருந்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு பிறந்த மாகாணத்துக்குப் போனவர், அப்படியே நார்வேயின் கிரிம்ஸ்டாட் வரைக்கும் போனார். இளவயதில் இப்சன் மருந்துக்கடையில் வேலை பழகிய கடற்கரை ஊர் அது. திரும்பி வந்தவர் படத்தை எடுப்பதாகச் சொல்லிவிட்டார்.

நெப்போலியன் காலத்துப் போர். ஆங்கிலேயக் கப்பல்கள் நார்வேயின் கடற்கரையை அடைத்து நிற்கின்றன. பட்டினி கிடக்கும் மனைவிக்கும் மகளுக்கும் வாற்கோதுமை கொண்டுவர, டெர்யே என்ற கடலோடி சிறு படகில் டென்மார்க் வரைக்கும் துடுப்புப் போடுகிறான். திரும்பும்போது பிடிபடுகிறான். சிறையிலிருந்து வரும்போது வீட்டில் யாரும் உயிரோடில்லை. பல வருடம் கழித்து, தன்னைப் பிடித்த அதே ஆங்கிலேய அதிகாரி, குடும்பத்தோடு புயலில் தத்தளித்து அவன் கையில் வந்து சேர்கிறான். மீதி உங்களுக்கே புரியும். புரியாவிட்டால் படம் இருக்கிறது, பார்க்கலாம். டெர்யேவாக ஷோஸ்ட்ரோமே நடித்தார். ஸ்டாக்ஹோம் தீவுக்கூட்டத்தின் தென்கோடியில் இருக்கும் லான்ட்சோர்ட்டில், நிஜக் கடலில், நிஜ அலையில் எடுத்தார்கள். செலவு சுமார் 60,000 குரோனர். அன்றைய சுவீடன் படங்களின் வழக்கமான செலவைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. போட்ட பணம் வெளிநாடுகளிலிருந்தும் திரும்பி வந்ததும் மாக்னுசன் கொள்கையையே மாற்றிக்கொண்டார்: படங்களைக் குறை, ஒவ்வொன்றுக்கும் தாராளமாகச் செலவு செய். போரில் சேராத நடுநிலை நாடு என்பதும் உதவியது. மற்ற நாடுகளின் ஸ்டூடியோக்கள் முடங்கிக் கிடந்தபோது இங்கே வேலை நடந்தது.

அதே சூட்டில் ‘பெர்க்-ஐவிந்தும் அவன் மனைவியும்’. ஐஸ்லாந்து நாடகாசிரியர் யோஹன் சிகுர்யோன்சனின் நாடகம். திருட்டுக் குற்றம் சுமந்து தப்பியோடியவனும், அவனுக்காகச் சொத்தையெல்லாம் உதறிவிட்டு வரும் பண்ணைக்காரி ஹல்லாவும் மலையில் ஒளிந்து வாழ்கிறார்கள். ஐஸ்லாந்துக்குப் போக முடியாததால் சுவீடனின் வடகோடியில் அபிஸ்கோ மலைப்பகுதியில் படமெடுத்தார்கள். முதல் பாதியில் வெயில், வெந்நீர் ஊற்று, குழந்தை. துரத்துபவர்கள் நெருங்கும்போது ஹல்லா அந்தக் குழந்தையைப் பள்ளத்தில் எறியும் காட்சியை இன்றும் நிமிர்ந்து உட்காராமல் பார்க்க முடியாது. கடைசியில் முதுமை, குடிசை, பசி, ஒருவரையொருவர் குத்திக்கொள்ளும் பேச்சு, வெளியே பனி. மலைவிளிம்பில் கயிற்றில் தொங்குவது உள்படக் கதாநாயகனாக நடித்தவர் ஷோஸ்ட்ரோம். ஹல்லாவாக நடித்த எடித் எராஸ்டோஃபை 1922-இல் மணந்துகொண்டார். பிரெஞ்சு விமர்சகர் லூயி டெல்லுக் இந்தப் படத்தைக் கொண்டாடி எழுதினார். அதன் நிலப்பரப்பையும் ஒரு நடிகராகவே கணக்கில் வைத்தார். ஓவியத்திரைக்கு முன்னால் நின்று நடித்துப் பழகிய அன்றைய சினிமாவுக்குக் காற்றும் பனியும் கதையைத் தீர்மானிக்கலாம் என்பது புதுச் செய்தி.

இதற்குள் செல்மா லாகர்லெவ் வந்துவிட்டார். இலக்கியத்துக்கான நோபல் பரிசை 1909-இல் பெற்ற முதல் பெண். அவரும் வேர்ம்லாண்ட்காரர், அவர் எழுதும் காடும் பண்ணையும் ஷோஸ்ட்ரோமுக்குச் சொந்த ஊர்ச் சமாசாரம். அவருடைய கதைகளிலிருந்து பல படங்களை எடுத்தார். அவற்றில் உச்சம், 1921 புத்தாண்டு நாளில் வெளிவந்த ‘ஷோர்கார்லன்’. ஆங்கில உலகம் ‘தி ஃபான்டம் கேரேஜ்’ என்று சொல்லும் படம் இதுவே.

திரைக்கதையை எழுதி முடித்ததும் 1920 வசந்தத்தில் லாகர்லெவின் மோர்பக்கா பண்ணைவீட்டுக்குப் போய், அவரை உட்காரவைத்து இரண்டு மணி நேரம் வாசித்துக் காட்டினார். கேட்டு முடித்த அம்மையார் கருத்து ஏதும் சொல்லாமல் சாப்பிட அழைத்தாராம். அதையே சம்மதமாக எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கதை நடக்கும் ஊரான லான்ட்ஸ்க்ரோனாவிலேயே எடுக்க வேண்டும் என்பது லாகர்லெவின் விருப்பம். ஷோஸ்ட்ரோம் மறுத்துவிட்டார். கடலையும் மலையையும் தேடிப் போனவர் இந்தப் படத்துக்கு மட்டும் ஸ்டூடியோ வேண்டும் என்றார். காரணம், படத்தில் பாதி ஆவிகள். ராசுந்தாவில் அப்போதுதான் புது ஸ்டூடியோ திறந்திருந்தது.

வருடத்தின் கடைசி ராத்திரியில் பன்னிரண்டு அடிக்கும்போது சாகிறவன், அடுத்த ஒரு வருடம் எமனுடைய வண்டியை ஓட்ட வேண்டும் என்று ஒரு நம்பிக்கை. குடிகாரன் டேவிட் ஹோல்ம் அந்த நேரத்தில் கல்லறைத் தோட்டத்தில் விழுகிறான். வண்டி வருகிறது. ஓட்டி வருபவன் பழைய கூட்டாளி.

இந்த ஆவிகளை யான்சோன் எப்படி எடுத்தார் என்பது ஒளிப்பதிவு படிப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம். லேபரட்டரி தந்திரம் கிடையாது, எல்லாம் கேமராவுக்குள்ளேயே. முதலில் அறையை, தெருவை, கடலை எடுப்பார்கள். பிறகு ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, அதே ஃபிலிம்மேல் ஆவியாக நடிப்பவரை மட்டும் எடுப்பார்கள். கேமராவுக்கு மோட்டார் இல்லை, கையால் சுற்ற வேண்டும். இரண்டாம் முறை சுற்றும் வேகம் முதல் முறையோடு ஒத்துப்போகாவிட்டால் எல்லாம் வீண். சில ஷாட்டுகளில் இப்படி நான்கு அடுக்கு. ஆவி நாற்காலிக்குப் பின்னால் போனால் நாற்காலி அதை மறைக்க வேண்டும், முன்னால் வந்தால் நாற்காலி ஊடே தெரிய வேண்டும். கடலடியில் கிடக்கும் பிணத்தை வண்டிக்காரன் எடுத்து வரும் காட்சியை, கம்ப்யூட்டரில் எதையும் செய்துவிடும் இந்தக் காலத்திலும் இரண்டாம் முறை ஓடவிட்டுப் பார்க்கத் தோன்றும்.

ஆனால் எனக்கு இந்தப் படத்தில் ஆவிகளைவிட ஒரு கோட்டுதான் மனதில் நிற்கிறது. காசநோய்க் கிருமி ஏறிய டேவிட்டின் கிழிந்த கோட்டை, சால்வேஷன் ஆர்மி தொண்டர் சகோதரி எடித் ராத்திரி முழுக்க உட்கார்ந்து தைத்துக் கொடுக்கிறாள். விடிந்ததும் அவன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, அவள் கண்ணெதிரிலேயே ஒவ்வொரு தையலாகக் கிழித்தெறிகிறான், சிரித்துக்கொண்டே. அவளுக்கு நோய் தொற்றியதும் அந்தக் கோட்டிலிருந்துதான். டேவிட்டாக நடித்தவர் ஷோஸ்ட்ரோம். இயக்குநர்கள் தங்களுக்கு நல்லவன் வேடத்தை எடுத்துக்கொள்வதே வழக்கம். இவர் எடுத்துக்கொண்ட வேடத்தைப் பாருங்கள். மனைவி குழந்தைகளை நோயிலிருந்து காப்பாற்ற அவனை அறைக்குள் பூட்டும்போது கோடரியால் கதவைப் பிளக்கிறான். கூப்ரிக்கின் ‘தி ஷைனிங்’ வந்தபோது இந்தக் காட்சியை நினைவுகூராத விமர்சகர்கள் குறைவு.

இந்தப் புகழ் ஹாலிவுட் வரை போயிற்று. போர் முடிந்து அமெரிக்கப் படங்கள் ஐரோப்பாவில் வந்து குவிய, சுவீடன் கம்பெனியின் கையில் பணம் சுருங்கியது. கோல்ட்வின் கம்பெனி அழைத்தது. 1923-இல், 43 வயதில், ஷோஸ்ட்ரோம் கப்பலேறினார். புரூக்ளின் பையனின் ஆங்கிலம் கைகொடுத்தது. அமெரிக்கர்கள் வாயில் நுழையாத பெயரை ‘சீஸ்ட்ரோம்’ என்று மாற்றிவிட்டார்கள். கோல்ட்வின் மற்ற கம்பெனிகளோடு இணைந்து எம்.ஜி.எம். ஆனதும், அந்த நிறுவனம் முழுமையாகத் தயாரித்த முதல் படத்தை இயக்கியவர் இவர்தான்: லான் சேனி சர்க்கஸ் கோமாளியாக நடித்த ‘ஹீ ஹூ கெட்ஸ் ஸ்லாப்டு’, 1924. படம் நன்றாக ஓடியது. 1926-இல் லிலியன் கிஷ்ஷை வைத்து ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’. கதாநாயகன் லார்ஸ் ஹான்சன் ஊரிலிருந்து வந்தவர்; கேமராவுக்கு முன்னால் அவர் சுவீடிஷிலும் கிஷ் ஆங்கிலத்திலும் காதல் பேசினார்கள். மௌனப்படத்தில் யாருக்கு என்ன தெரியப்போகிறது? கிரேட்டா கார்போவை வைத்து எடுத்த ‘தி டிவைன் வுமன்’ தொலைந்துவிட்டது. ரஷ்ய ஆவணக்காப்பகத்தில் கிடைத்த ஒன்பது நிமிடம் மட்டும் மிச்சம்.

கிஷ்தான் ‘தி விண்ட்’ கதையையும் கொண்டுவந்தார். டோரதி ஸ்கார்பரோவின் நாவல். திரைக்கதை பிரான்சிஸ் மேரியன். வர்ஜீனியாவிலிருந்து டெக்சாஸுக்கு வரும் லெட்டி என்ற பெண்ணை அங்கே ஓயாமல் அடிக்கும் மணற்காற்று கொஞ்சம் கொஞ்சமாகப் பித்தாக்குகிறது. 1927-இல் கலிபோர்னியாவின் மொஹாவி பாலையில் படப்பிடிப்பு. அபிஸ்கோவில் காற்று தானாக வந்தது. இங்கே எட்டு விமான புரொப்பல்லர்களை நிறுத்தி மணலையும் மரத்தூளையும் புகையையும் நடிகை மேல் ஊதினார்கள். வெயில் 49 டிகிரி. ஃபிலிமின் மேற்பூச்சு இளகாமல் இருக்க ஐஸில் வைத்துப் பாதுகாத்தார்கள். கார் கதவின் இரும்புக் கைப்பிடியைத் தொட்ட கிஷ்ஷுக்குக் கை பொத்துப்போனது. தன் வாழ்வில் இதைவிடக் கஷ்டமான படப்பிடிப்பு இல்லை என்று அவர் பின்னால் எழுதினார்.

தன்னைக் கெடுத்தவனைச் சுட்டுவிட்டு லெட்டி அவனை மணலில் புதைக்கிறாள். ஜன்னலுக்கு வந்து பார்க்கிறாள். காற்று புதைத்த இடத்தைச் சீவிச் சீவி எடுக்கிறது. முதலில் கை, பிறகு முகம். கிஷ்ஷின் கண்களும் மணலும் மாறி மாறி வருகின்றன. ஒலி இல்லாத படத்தில் காற்றின் ஓலம் நமக்குக் கேட்டுவிடும். நாவலில் அவள் புயலுக்குள் நடந்து போய்விடுகிறாள். படத்தில் கணவனோடு வாழ முடிவு செய்கிறாள். ஸ்டூடியோ வற்புறுத்தி மாற்றியது என்று கிஷ் கடைசிவரை சொன்னார். ஆய்வாளர்களில் சிலர் அதை ஏற்பதில்லை. என் கட்சி வேறு. திறந்த கதவில் காற்றை எதிர்த்து இருவரும் நிற்கும் அந்த முடிவு படத்தைக் கெடுக்கவில்லை. கெடுத்தது காலம். 1928 நவம்பரில் படம் வந்தபோது ஊரெல்லாம் பேசும்படத்தின் பின்னால் போய்விட்டது. எம்.ஜி.எம்.முக்கு 87,000 டாலர் நஷ்டம்.

ஒரு பேசும்படம் எடுத்துப் பார்த்துவிட்டு 1930-இல் ஊர் திரும்பினார். 1937-இல் இங்கிலாந்தில் இயக்கிய ‘அண்டர் தி ரெட் ரோப்’ கடைசிப் படம். சொல்ல அதிகம் இல்லை. பிறகு நடிப்பு. 1943 முதல் 1949 வரை, பழைய கம்பெனியின் வாரிசான ஸ்வென்ஸ்க் ஃபிலிமிண்டஸ்ட்ரியில் கலை ஆலோசகர் பதவி.

அங்கேதான் ஒல்லியான, கோபக்கார இளைஞர் ஒருவர் தம் முதல் படமான ‘கிரைசிஸ்’ஸைச் சொதப்பிக்கொண்டு எல்லாரோடும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பெர்க்மன்தான். பெரியவர் வந்து அவருடைய பிடரியைப் பிடித்து ஸ்டூடியோ வெளியே முன்னும் பின்னும் நடத்தியபடியே பேசியதைப் பெர்க்மன் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். காட்சியைச் சிக்கலாக்காதே, எளிமையாக எடு, நடிகர்களை முன்பக்கமாக எடு, அவர்களுக்கு அது பிடிக்கும், ஆட்களோடு சண்டை போடாதே. இவ்வளவுதான் உபதேசம். 1913-இல் கதாநாயகியை முதுகு காட்டி நிற்கவைத்தவர் சொன்ன புத்திமதி இது! முதல் படக்காரனுக்கு எது தேவை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

1957 கோடையில் ‘வைல்ட் ஸ்ட்ராபெர்ரீஸ்’. மனைவி எராஸ்டோஃப் 1945-இலேயே இறந்துவிட்டார். இவருக்கு 77 வயது, உடல்நலமில்லை, வசனம் மறக்கிறது. நடிக்கத் தயங்கினார், பெர்க்மன் விடவில்லை. மாலை ஐந்தேகாலுக்கு வீட்டில் விஸ்கியோடு உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. வசனம் தடுமாறினால், தன்னால்தான் தப்பாயிற்று என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொள்வாராம் உடன் நடித்த இங்க்ரிட் தூலின். கனவுக் காட்சியில் சவவண்டி ஒன்று விளக்குக் கம்பத்தில் மோதிச் சக்கரம் கழல்கிறதே, அது ‘ஷோர்கார்லன்’ வண்டிக்குப் பெர்க்மன் செய்த மரியாதை. கடைசி ஷாட், மாலை வெயிலில் எடுக்க வேண்டியது. விஸ்கி நேரம் தாண்டுகிறது என்று கிழவர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். கேமரா ஓடியதும் அந்த முகம் தெளிந்த விதம்தான் படத்தின் உச்சம். பெர்க்மனே அதை ஒப்புக்கொண்டிருக்கிறார். படம் 1958-இல் பெர்லினில் தங்கக்கரடி வென்றது. 1960 ஜனவரி 3 அன்று ஸ்டாக்ஹோமில் தம் 80-ஆவது வயதில் ஷோஸ்ட்ரோம் காலமானார்.

1941-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஒரு வெடிவிபத்தில் கம்பெனியின் பழைய நெகட்டிவ்கள் ஏராளமாக எரிந்துபோயின. அவர் மௌனக்காலத்தில் எடுத்தவற்றில் பெரும்பகுதி இன்று இல்லை. இருப்பவற்றில் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: முதலில் ‘தி விண்ட்’, அடுத்து ‘ஷோர்கார்லன்’, பிறகு ‘இங்கெபோர்க் ஹோல்ம்’. ‘வைல்ட் ஸ்ட்ராபெர்ரீஸ்’ஸை இந்த மூன்றையும் பார்த்த பிறகு இன்னொரு முறை பாருங்கள்.

அடுத்த இதழில், கார்போவைக் கண்டெடுத்து, ஹாலிவுட்டில் மனம் ஒடிந்து, 45 வயதில் இறந்துபோன மோரிட்ஸ் ஸ்டில்லர்.